மிடி நோட்டுகளைத் தாளத்தில் உட்கார வைப்பது

பக்திப் பாடல்களுக்கு ட்ராக் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆடி மாதம் நெருங்கினால் அம்மன் பாட்டு, ஐப்பசி கார்த்திகையில் முருகன் பாட்டும் ஐயப்பன் பாட்டும். தோலக், தவில், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், நாதஸ்வரம் என்று பெரும்பாலானவற்றைக் கீபோர்டில் வாசித்து மிடியாகத்தான், அதாவது ஒலியாக இல்லாமல் எந்த நோட்டு எப்போது வாசிக்கப்பட்டது என்ற தகவலாகத்தான், பதிவு செய்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான்: வாசித்து முடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கக் கண்ட்ரோல் ஏ, அடுத்த நொடி க்யூ. எல்லா நோட்டும் திரையில் இருக்கும் தாளக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓடவிட்டால் பாட்டு எங்கோ தடுக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் திரையில் பார்த்தால் எல்லாம் கோட்டின்மேல் அழகாக நிற்கிறது.

இப்படி நோட்டுகளைத் தாளக் கோடுகளுக்கு இழுப்பதுதான் குவாண்டைஸ். அதைச் செய்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த முக்கால்வாசியைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நான் க்யூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் வேலை செய்பவள், அதனால் பெயர்கள் எல்லாம் அதிலிருந்து வரும். அதே வகை மென்பொருள்களான லாஜிக், ரீப்பர் இரண்டிலும் இதே க்யூ விசைதான். ஏபிள்டன் லைவில் கண்ட்ரோல் யூ. அதோடு ஷிஃப்டையும் சேர்த்தால் அமைப்புப் பெட்டி திறக்கும். எஃப்எல் ஸ்டுடியோவில் கண்ட்ரோல் க்யூ உடனே செய்துவிடும், ஆல்ட் க்யூ பெட்டியைத் திறக்கும். பெயர் மாறினாலும் வேலை ஒன்றே. உதாரணத்துக்கு ஒரு அம்மன் பாட்டை எடுத்துக்கொள்வோம். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி), எட்டு அடி ஆதி தாளத்தைப் பாருக்கு நான்கு அடியாக எண்ணும் கணக்கு, பல்லவி சதுஸ்ர நடை (அடி நான்காகப் பிரியும்), சரணம் திஸ்ர நடை (மூன்றாகப் பிரியும்).

பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டியவை

பாட்டை முதல் பாரில் தொடங்காதீர்கள். மூன்றாவது பாரில் தொடங்குங்கள். முதல் அடியை நாம் எல்லாருமே கொஞ்சம் முந்தித்தான் வாசிப்போம். பாட்டு முதல் பாரிலேயே தொடங்கினால் அந்த முந்திய நோட்டு பதிவுக்கு வெளியே விழுந்து காணாமல் போகும். லூப் போட்டுப் பதிவு செய்யும்போது இன்னும் மோசம்: முந்தி வாசித்த சமம், அதாவது முதல் அடி, லூப்பின் கடைசி ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். க்யூ அழுத்தினால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம். சத்தம் காதுக்கு வந்து சேரவே நேரமாகும், நீங்கள் அதற்கு ஏற்றபடி கையை மாற்றிக்கொள்வீர்கள், பதிவு முழுக்க கோணலாகும். கம்பி வைத்த சாதாரண ஹெட்போன் போதும். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரின் அளவையும் குறைத்து வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் கிட்டத்தட்ட 12 மில்லி விநாடி அங்கேயே போய்விடுகிறது. வாசிக்கும்போது 128 வைத்துக்கொண்டு, மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளலாம்.

வாசித்து முடித்ததும் நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் கீ எடிட்டரைத் திறந்து சும்மா பாருங்கள். எதையும் தொட வேண்டாம். எல்லா நோட்டும் ஒரே அளவு பிந்தி நிற்கிறதா, அல்லது சிலது முந்தி சிலது பிந்தி இருக்கிறதா? ஒரே அளவு பிந்தி இருந்தால் உங்கள் தாள ஞானத்தில் குறையில்லை, கருவியில்தான் தாமதம். அதைக் குவாண்டைஸ் செய்யவே கூடாது. ட்ராக்கின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ட்ராக் டிலே என்று ஒரு நகர்த்தி இருக்கிறது, மில்லி விநாடிக் கணக்கு. அதை மைனஸ் பக்கம் தள்ளுங்கள். வாசிப்பு அப்படியே உயிரோடு முன்னால் வந்துவிடும். நம்பமாட்டீர்கள், பாதி ட்ராக்குகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

குப்பையை அள்ளுவது

இது சீக்கிரம் முடிகிற வேலை. விரல் பக்கத்துக் கட்டையை உரசியதால் வந்த கண்ணுக்குத் தெரியாத சின்ன நோட்டுகள் இருக்கும். மிடி மெனுவில் ஃபங்ஷன்ஸ் என்ற பகுதியில் 'டெலீட் நோட்ஸ்' இருக்கிறது. இவ்வளவு நீளத்துக்கும் இவ்வளவு வெலாசிட்டிக்கும் (அழுத்தி அடித்த அளவு) கீழே உள்ளவை போகட்டும் என்று சொல்லலாம். பக்கத்திலேயே 'டெலீட் டபுள்ஸ்'. ஒரே இடத்தில் ஒரே சுரம் இரண்டு தடவை பதிந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடும். லூப்பில் மேல்மேலாக வாசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

தவறான சுரம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். நோட்டைத் தேர்ந்தெடுத்து மேல், கீழ் அம்புக்குறி அழுத்தினால் அரைச் சுரம் நகரும். ஷிஃப்டோடு அழுத்தினால் ஒரு ஸ்தாயி. சரியான சுரம் இல்லாத நோட்டு சரியான இடத்தில் உட்கார்ந்து என்ன பயன்?

எந்த கிரிட்?

க்யூ விசை புத்திசாலி கிடையாது. ஒவ்வொரு நோட்டுக்கும் பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அங்கே தள்ளும், அவ்வளவுதான். 96 பிபிஎம்மில் ஒரு அடி 625 மில்லி விநாடி. கோடுகளின் வரிசைதான் கிரிட். 1/16 கிரிட் (அடியில் நான்கில் ஒன்று) என்றால் கோட்டுக்குக் கோடு 156. அதில் பாதி 78. அதாவது நீங்கள் 78 மில்லி விநாடிக்கு மேல் பிந்திவிட்டால் அந்த நோட்டு தன் இடத்துக்குத் திரும்பாது, அடுத்த கோட்டுக்குப் போய்விடும். பாட்டு தடுக்கிறது என்றேனே, பெரும்பாலும் இந்த மாதிரி இடம் மாறிய ஒன்றிரண்டு நோட்டுகள்தான் காரணம். வேகமான பாட்டில் இந்த எல்லை இன்னும் சுருங்கும். 140 பிபிஎம்மில் 54 தாண்டினாலே போயிற்று.

அதனால் வாசித்ததில் இருக்கும் மிகச் சிறிய பிரிவு எதுவோ அதையே கிரிட்டாக வைக்க வேண்டும், அதைவிட நுணுக்கமாக வைக்கக் கூடாது. பேஸ் வெறும் எட்டாம் பிரிவில் ஓடுகிறது என்றால் 1/8 வையுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1/32 வைத்தால் தப்பான கோடுகளைத்தான் நிறையத் திறந்துவிடுகிறீர்கள்.

அடுத்தது நடை. பல்லவிக்கு 1/16 சரி. சரணத்தில் திஸ்ரம் வந்ததும் அதே கிரிட்டோடு க்யூ அழுத்தினால் 'தகிட தகிட' எல்லாம் சிதைந்து போகும். மூன்றாகப் பிரிய வேண்டிய அடி நான்காகப் பிரிந்த கோடுகளில் இடம் தேடி அலையும். அங்கே 1/8 டிரிப்லெட்டுக்கு மாறுங்கள், கோட்டுக்குக் கோடு 208 மில்லி விநாடி ஆகும். பாட்டு முழுக்கத் திஸ்ரம் என்றால் தாளக் குறியையே 6/8 ஆக்கிவிடலாம். அப்போது சாதாரண 1/8, 1/16 கோடுகளே பொருந்தும். டிரிப்லெட்டைத் தொடவே வேண்டாம். மெல்லிசை மேடைகளில் வாசிப்பவர்கள் 'சிக்ஸ் எய்ட்' என்று சொன்னால் பாதி நேரம் அவர்கள் மனதில் இந்த இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ரோனோம் கிளிக் எந்த அடிக்கு அடிக்கிறது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கண்ட நடைதான் பலருக்குச் சிக்கல். பட்டியலில் ஐந்து இருக்காது. குவாண்டைஸ் பேனலைத் திறந்து, கிரிட் 1/4 வைத்து, டியூப்லெட் என்ற இடத்தில் 5 போடுங்கள். ஒவ்வொரு அடியும் ஐந்தாகப் பிரியும். கண்ட சாபு வேறு விஷயம். அதை 5/8 தாளக் குறியில் வைத்தால் இரண்டும் மூன்றுமாக எட்டாம் பிரிவுகளிலேயே அடங்கிவிடும். மிஸ்ர சாபுவும் அப்படியே: 7/8, 'தகிட தக திமி'. டியூப்லெட் எதுவும் தேவையில்லை. மிருதங்கப் பாடம் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இந்தப் பகுதி அரை நிமிட வேலை. மற்றவர்கள் வாயால் சொல் கட்டிப் பார்த்துவிட்டு கிரிட் தேர்ந்தெடுத்தால் தப்பாது.

முழுதாகவா, கொஞ்சமாகவா?

எல்லாக் கருவியையும் ஒரே அளவுக்கு இறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பாட்டில் காலத்தைத் தாங்குகிற ஆள் ஒருவர் இருப்பார். நம் பாட்டுகளில் அது பெரும்பாலும் தோலக்கின் இடது பக்கத் 'தும்'. அதை முதலில் கவனிப்போம்.

கீ எடிட்டரின் இடது ஓரத்தில் இருக்கும் பியானோக் கட்டைகளில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒன்றைக் கிளிக் செய்தால், அந்தச் சுரத்தில் இருக்கும் எல்லா நோட்டும் தேர்வாகும். தும் இருக்கும் கட்டையைக் கிளிக் செய்யுங்கள், க்யூ அழுத்துங்கள். இதை மட்டும் நூறு சதவீதம் இறுக்கலாம். மற்ற அடிகளைத் தேர்ந்தெடுத்து, பேனலில் இட்டரேட்டிவ் குவாண்டைஸை இயக்கி, அளவை 60 சதவீதம் வையுங்கள். க்யூபேஸ் ஒரு 1/16-ஐ 120 டிக்குகளாகக் காட்டும். நம் வேகத்தில் ஒரு டிக் 1.3 மில்லி விநாடி. 40 டிக் பிந்திய அடி, 60 சதவீதத்தில் ஒரு தடவை அழுத்தினால் 16 டிக்குக்கு வரும். அதாவது 52 மில்லி விநாடி 21 ஆகிவிட்டது. இன்னொரு தடவை அழுத்தினால் 6 டிக் சொச்சம். இட்டரேட்டிவ் என்பதன் வசதி இதுதான்: இப்போது இருக்கும் இடத்திலிருந்து கணக்குப் போடும். ஒரு தடவை அழுத்து, கேள், போதாவிட்டால் மறுபடி அழுத்து. சாதாரணக் குவாண்டைஸ் அப்படி இல்லை, எத்தனை தடவை அழுத்தினாலும் முதலில் வாசித்த இடத்திலிருந்துதான் கணக்கு.

கேட்ச் ரேஞ்ச், சேஃப் ரேஞ்ச் என்று இரண்டு பெயர்கள் அந்தப் பேனலில் இருக்கும். பலர் கண்டுகொள்வதில்லை. சேஃப் ரேஞ்சில் 10 டிக் போட்டால், கோட்டுக்கு 10 டிக்குக்குள் இருக்கிற நோட்டுகளைத் தொடாமல் விட்டுவிடும். நன்றாக வாசித்தது அப்படியே இருக்கட்டும், ரொம்பத் தள்ளிப்போனதை மட்டும் இழு என்று அர்த்தம். எனக்கு இந்தப் பேனலில் மிகவும் பிடித்த பொத்தான் இது. கேட்ச் ரேஞ்ச் இதற்கு நேர் எதிர்: கோட்டுக்கு அருகில் இருப்பதை மட்டும் இழுக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே போட்ட உருட்டல்களைக் காப்பாற்ற அது உதவும்.

உருட்டல் என்றதும் ஒன்று. தவிலிலும் தோலக்கிலும் பிரதான அடிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்ன அடிகள், பியானோவில் கீழிருந்து மேலாக விரித்து வாசிக்கும் கார்டுகள், இவற்றை க்யூ விசையிடம் காட்டவே கூடாது. இரண்டு அடியும் ஒரே கோட்டில் ஏறிக்கொண்டு ஒற்றை 'டப்'பாகச் செத்துவிடும். அவற்றைக் கையால் நகர்த்துங்கள். பிரதான அடியைக் கோட்டில் வைத்து, முன்னடியையும் அதோடு சேர்த்தே தேர்ந்தெடுத்து இழுங்கள். இழுக்கும்போது கோட்டில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பை ஜே விசை அணைக்கும்.

ஸ்விங்கும் வாசிப்பவரிடமிருந்து எடுக்கும் க்ரூவும்

ஸ்விங் என்பதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ராஜர் லின், தன் ட்ரம் மெஷின்களில். 1988-இல் வந்த எம்பிசி 60-இல் அது 50 முதல் 75 சதவீதம் வரை ஓடும்; 50 என்றால் நேர், 66 பக்கம் போனால் டிரிப்லெட். ஒவ்வொரு இரண்டாவது 1/16-உம் பிந்தும், முதலாவது அசையாது. க்யூபேஸில் அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், அங்கே படித்த 60-ஐ இங்கே 60 என்று போடாதீர்கள், பாட்டு நொண்டும்.

குத்துப் பாட்டுகளுக்கு ஸ்விங் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் காதுக்கு ஒட்டவில்லை. அங்கே அடிகள் பிந்துவது இரண்டுக்கு ஒன்று என்ற ஒழுங்கில் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. அதற்கு நல்ல வழி, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமிருந்து எடுப்பதுதான். எனக்குத் தெரிந்த பறைக் கலைஞர் ஒருவரைக் கிளிக் கேட்டுக்கொண்டு நான்கு பார் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அந்த ஆடியோவைச் சாம்பிள் எடிட்டரில் திறந்து ஹிட்பாயிண்டுகளை (அடி விழும் இடங்களை) கண்டுபிடிக்கச் சொல்லி, தேவையில்லாதவற்றை நீக்கி, 'க்ரியேட் க்ரூவ்' அழுத்தினால் அவர் கையின் சாய்வு குவாண்டைஸ் பட்டியலில் ஒரு பெயராக வந்து நிற்கும். இனி என் தோலக்கும் பேஸும் நேர்க் கோட்டுக்குப் போகாமல் அவர் அடித்த இடங்களுக்குப் போகும். அவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் கொடுங்கள்.

நாதஸ்வரமும் ஸ்ட்ரிங்ஸும்

கமகம் உள்ள கருவிதான் குவாண்டைஸில் அதிகம் அடிபடுவது. சுரத்தை வளைக்கும் பிட்ச் வீலைத் திருகி வாசிக்கும்போது அந்தத் திருகல் நோட்டுக்குள் பதிவதில்லை. தனியாக, கீழே ஒரு வரிசையில், நேரத்தோடு பதிகிறது. க்யூ அழுத்தினால் நோட்டு நகரும், திருகல் பழைய இடத்திலேயே நிற்கும். காந்தாரத்தின் அசைவு அடுத்த சுரத்தின் தலையில் போய் விழும். பேனலில் கன்ட்ரோலர்களையும் சேர்த்து நகர்த்தும் வசதியை இயக்கினால் கூடவே நகரும். ஆனாலும் நான் நாதஸ்வரத்தையோ வீணையையோ குவாண்டைஸ் செய்வதில்லை. வாக்கியத்தின் முதல் சுரம் சமத்தில் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். விழவில்லை என்றால் அந்த வாக்கியம் முழுவதையும், பார்ட்டாகவே வெட்டி, திருகலோடு சேர்த்து நகர்த்துகிறேன். உள்ளே இருக்கும் சுரங்கள் தம் இஷ்டத்துக்கு நடக்கட்டும்.

வீலைத் தொடாதபோது அதன் மதிப்பு நடுவில் இருக்க வேண்டும். பதிவின் கடைசியில் வீல் முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்தால் அடுத்த வரி முழுக்கச் சுருதி விலகிக் கேட்கும். நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காரணம் புரியாது, கீழ் வரிசையைப் பாருங்கள். சஸ்டெய்ன் பெடலும் அதே கதை.

ஸ்ட்ரிங்ஸில் வேறு பொறி ஒன்று உண்டு. பல சாம்பிள் லைப்ரரிகளில் கீழ் ஸ்தாயியில் கீஸ்விட்ச் நோட்டுகள் இருக்கும். அதைத் தட்டினால்தான் நீட்டல் ஒலியிலிருந்து வெட்டு ஒலிக்கு மாறும். அது இசை நோட்டுக்கு முன்னால் வர வேண்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து க்யூ அழுத்தினால் கீஸ்விட்சும் நோட்டும் ஒரே கோட்டில் மோதி, சில தடவை வெட்டும் சில தடவை நீட்டலுமாக, ஓடவிடும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்கும். கீஸ்விட்சுகளைத் தேர்விலிருந்து விலக்குங்கள், அல்லது குவாண்டைஸ் முடிந்தபின் அவற்றை மட்டும் 20, 30 டிக் முன்னால் தள்ளுங்கள்.

இன்னொன்று: மெதுவாக எழும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியை நூறு சதவீதம் கோட்டில் வைத்தாலும் பிந்தித்தான் கேட்கும். வில் இழுபட்டு ஒலி திறக்கவே நேரமாகிறது. திரையில் சரி, காதில் தப்பு. இங்கேயும் ட்ராக் டிலேயில் மைனஸ் போட்டு, காது ஒப்புக்கொள்ளும்வரை முன்னால் கொண்டுவாருங்கள். எத்தனை என்பது ஒலிக்கு ஒலி மாறும்.

நோட்டின் முடிவும் அழுத்தமும்

க்யூ விசை தொடக்கத்தைத்தான் நகர்த்துகிறது. முடிவை யாரும் பார்ப்பதில்லை. பேஸ் கிட்டாரில் நோட்டு எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி தாளம். 'தும்' விழும்போது பேஸின் முந்தைய நோட்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சேறாகும். நான் பேஸுக்கு மட்டும் நோட்டு முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுருக்குவேன். ஒரே சுரம் தொடர்ந்து வரும் இடத்தில் முதல் நோட்டின் வால் இரண்டாவதன் மேல் ஏறியிருந்தால் 'டெலீட் ஓவர்லாப்ஸ்' சரிசெய்துவிடும். பின்னணியில் நீளமாக ஒலிக்கும் பேட் கார்டுகளுக்கு எதிர்த் தேவை, இடைவெளி இருக்கக் கூடாது. அதற்கு ஃபங்ஷன்ஸில் லெகாடோ.

வெலாசிட்டி 1 முதல் 127 வரை. கோட்டில் இறுக்கிய பிறகு எல்லா அடியும் 100-க்கு மேல் இருந்தால் எவ்வளவு ஸ்விங் போட்டாலும் இயந்திரம் மாதிரித்தான் இருக்கும். கண்ட்ரோலும் ஷிஃப்டும் அழுத்தி நோட்டை மேலும் கீழும் இழுத்தால் வெலாசிட்டி மாறும். தற்செயலாக ஏற்ற இறக்கம் தரும் வசதியை நான் தாளக் கருவிகளுக்குப் பயன்படுத்த மாட்டேன். சமத்துக்கு ஒரு கனம், நடு அடிக்கு ஒரு கனம் என்று வாசிப்பவர் கணக்கு வைத்துத்தான் அடிக்கிறார், பகடை உருட்டி அடிப்பதில்லை.

அடுத்தவர் கைக்குப் போகும் முன்

செய்தது பிடிக்கவில்லை என்றால் எடிட் மெனுவில் 'ரீசெட் குவாண்டைஸ்' இருக்கிறது, முதலில் வாசித்த இடங்களுக்கே திரும்பும். 'ஃப்ரீஸ் குவாண்டைஸ்' அழுத்திவிட்டால் அந்த வழி அடைந்துவிடும், இப்போதைய இடமே அசல் இடம் ஆகிவிடும். இட்டரேட்டிவாக இழுத்து ஒரு நல்ல நிலைக்கு வந்து, அதன்மேல் க்ரூவ் ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் ஃப்ரீஸ் செய்யுங்கள். அதற்கு முன் ட்ராக்கை ஒரு நகல் எடுத்து மியூட் செய்து வைப்பது என் பழக்கம்.

வேறு ஸ்டுடியோவுக்கு மிடி கோப்பாக அனுப்பும்போது எக்ஸ்போர்ட் பெட்டியில் ரெசல்யூஷனைக் குறைத்து வைக்காதீர்கள். ஒரு அடிக்கு 24, 48 என்று வைத்தால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சின்னச் சின்ன முந்தல் பிந்தல் எல்லாம் அங்கே இருக்கும் தடித்த கோடுகளுக்குத் தாவிவிடும். 480 அல்லது 960 வையுங்கள். அதே பெட்டியில் ட்ராக் டிலேயையும் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் அனுப்பினால், நீங்கள் முன்னால் இழுத்து வைத்த ஸ்ட்ரிங்ஸ் அங்கே திறக்கும்போது பழையபடி பிந்தி நிற்கும். மிக்ஸ் செய்பவர் அதை மறுபடி க்யூ அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பார்.